கரோக்கி பைனலுக்குப் போகிறீர்களா? முதலில் உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

நான் கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்காரன். பால் சொசைட்டியில் வேலை. விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, சீட்டு எழுதிக்கொண்டிருப்பேன். சித்தூர் போகிற வழியில் ஒரு பார் ஹோட்டல் இருக்கிறது. அதன் ஏசி ஹாலில் டிசம்பர் மாதம் கரோக்கிப் போட்டி நடத்துகிறார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பைனலுக்குப் போனேன். முதல் வருடம் எட்டுப் பேரில் எட்டாவது இடம். அடுத்த வருடம் மூன்றாவது. போன டிசம்பரில் முதல் பரிசு. இந்த மூன்று வருடத்தில் என் குரல் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஐம்பதை நெருங்குகிறவனுக்குக் குரல் இறங்கத்தான் செய்யும். மாறியது நான் பாட்டை எடுக்கிற கட்டைதான், அதாவது சுருதி. அதனால் அதைத்தான் முதலில் சொல்வேன், மைக் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

முதல் வருடம் எடுத்தது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. இரண்டாம் சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்று திரும்பும். குரல் இல்லாமல் இசை மட்டும் இருக்கிற ட்ராக்கை அசல் சுருதியிலேயே வைத்துக்கொண்டேன். சுருதியை இறக்கினால் ‘இவனுக்கு எட்டவில்லை’ என்று சபை நினைத்துவிடும் என்ற பயம். பால் வண்டியில் போகும்போது ஒரு மாதம் பழகினேன், ஒரு நாளும் பிசகவில்லை. பைனல் அன்று இரவு ஒன்பதரைக்கு என் முறை வந்தது. முதல் சரணம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் சரணத்தில் அந்த இடம் வந்ததும் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு பல்லவிக்குத் திரும்பவே தைரியம் வரவில்லை, முணுமுணுத்து முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மேசையில் கைகூடத் தட்டினார்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அன்று நடுவராக வந்திருந்த ஒரு பெரியவர் கானமேளா என்கிற மேடைக் கச்சேரிகளில் பல வருடம் ஆர்மோனியம் வாசித்தவர். வண்டி நிறுத்துமிடத்தில் என்னைக் கூப்பிட்டு, “மோனே, பாட்டு நன்னாயி. பக்ஷே கட்ட நின்டேதல்ல” என்றார். பாட்டு நன்றாக இருந்தது, கட்டை உன்னுடையதில்லை. வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கரோக்கி பிறந்த கதையிலும் இதே விஷயம் இருக்கிறது. ஜப்பானில் கோபே நகரத்து பார்களில் வாடிக்கையாளர்கள் பாட, பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர் டைசுகே இனோவே. வாடிக்கையாளரான ஒரு கம்பெனி முதலாளி தன்னோடு வெளியூருக்கு வந்து வாசிக்கச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த முதலாளியின் குரலுக்குத் தக்கபடி வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அங்கிருந்து பிறந்த யோசனைதான் 1971-இல் காசு போட்டால் இசை வரும் பெட்டியாக ஆயிற்று. ‘கரா’ என்றால் காலி, ‘ஓக்கே’ என்பது ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லின் சுருக்கம். ஆக, முதல் டேப்பே ஒரு மனிதரின் குரலை அளந்து தைத்த சட்டைதான். நாமோ யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறோம்.

கட்டையைக் கண்டுபிடிப்பது

சங்கீதம் படிக்காதவர்கள் கட்டை என்றதும் பயப்பட வேண்டாம். ஆர்மோனியத்தில் வெள்ளைக்கட்டைகளை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழுவரை எண்ணுகிறோம். நடுவில் வருகிற கறுப்புக்கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது. ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. கரோக்கி ஆப்பில் மைனஸ் ஒன்று என்று அழுத்தினால் ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டியிருக்கிற அடுத்த கட்டைக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். நாலு கட்டைப் பாட்டை மைனஸ் இரண்டு வைத்தால் இரண்டரைக் கட்டைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் சவுண்ட்காரரிடமும் நடுவரிடமும் தெளிவாகப் பேசலாம்.

போனில் ஒரு கீபோர்டு ஆப் போட்டுக்கொள்ளுங்கள். பாடப்போகும் பாட்டில் மிக உயரமான இடம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் சரணத்தின் பின்பாதியில் இருக்கும், சில பாட்டில் தொடக்க ஹம்மிங்கிலேயே வந்துவிடும். அந்த ஒரு வரியை மட்டும் பாடுங்கள். முழுப் பாட்டையும் பாடிப் பார்த்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும். அந்த வரியை ஐந்து தடவை, ஒன்றன்பின் ஒன்றாக, சொற்களோடு பாட வேண்டும். முதல் தடவை யாருக்கும் எட்டும். ஐந்தாவது தடவையும் கழுத்து நரம்பு புடைக்காமல், முகவாய் மேலே தூக்காமல் வருகிறதா என்பதுதான் கேள்வி. வரவில்லையென்றால் ஒரு படி இறக்குங்கள். மறுபடியும் ஐந்து தடவை. வசதியாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், பாட்டின் மிகத் தாழ்வான வரியையும் அதே சுருதியில் பாடிப் பாருங்கள். அதிகம் இறக்கினால் பல்லவியின் அடிவரி காற்றாகப் போய்விடும், மைக்கில் ஒன்றும் ஏறாது. மேலும் கீழும் ஒருசேர நிற்கிற இடம்தான் அந்தப் பாட்டுக்கு உங்கள் கட்டை. அப்படி ஒரு இடமே கிடைக்காவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும்.

இதை இரவு ஒன்பது மணிக்குச் செய்ய வேண்டும். நான் செய்த பெரிய தவறு இதுதான். விடிகாலையில் வண்டியில் பாடிப் பழகினேன், பைனலோ இரவில். பகல் முழுவதும் ஆட்களோடு பேசி, கத்தி, தூசியைச் சுவாசித்த தொண்டை வேறு. தூங்கி எழுந்த தொண்டை வேறு. உங்களுக்கு எந்த நேரத்தில் முறை வருமோ அந்த நேரத்துக் குரலை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் வருடம் என்னை உடைத்த பாட்டையேதான் போன வருடமும் பாடினேன். மூன்று படி இறக்கி. ‘எட்டவில்லை’ என்று ஒருவரும் சொல்லவில்லை. அசல் எந்தக் கட்டை என்று ஹாலில் நடுவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, நடுவர்களும் அதற்கு மார்க் குறைக்கவில்லை. சுருதி, தாளம், உச்சரிப்பு, உணர்ச்சி காட்டுகிற பாவம் என்று நாலு கட்டத்தில்தான் மார்க் போட்டார்கள். ‘அசல் கட்டை’ என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் கிடையாது.

மூன்று படிக்கு மேல் இறக்கினாலோ ஏற்றினாலோ பல ட்ராக்குகளில் தபேலாவும் டிரம்ஸும் ஈரத்துணியில் அடித்ததுபோல் கேட்கும். ஆண் பாடிய பாட்டைப் பாட விரும்பும் பெண்களுக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் அவர்களுக்கு நாலைந்து படி மாற்ற வேண்டிவரும். பெண் குரலுக்கென்றே செய்த ட்ராக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஊரில் கீபோர்டு வாசிக்கிறவர் யாரையாவது பிடித்து, உங்கள் கட்டையில் வாசித்துப் பதிந்து வாங்குங்கள். எங்கள் போட்டியில் ஒரு அக்கா அப்படித்தான் செய்தார், கீபோர்டும் தாளமும் மட்டும். அவ்வளவு எளிய ட்ராக்கில் அவர் குரல் விளக்கு ஏற்றியதுபோல் தெரிந்தது. முதல் வருடம் வென்றது அவர்தான்.

ட்ராக்

நெட்டிலிருந்து நேரடியாக ஓடவிட்டுப் பாடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஹாலுக்குள் சிக்னல் நின்று நின்று வரும், நடுவில் விளம்பரமும் வரும். ட்ராக்கைச் சுருதி மாற்றிய நிலையில் ஃபைலாகச் சேமித்து, பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று, கூட வருகிறவர் போனில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் பெயரில் உங்கள் வரிசை எண், பெயர், ‘மைனஸ் 3’ என்று இருக்கட்டும். ஏற்கெனவே இறக்கிய ட்ராக்கை சவுண்ட்காரத் தம்பி நல்ல எண்ணத்தில் மறுபடியும் இறக்கிவிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

போட்டிகளில் நாலு நிமிடம் என்று வரம்பு வைப்பார்கள், பழைய பாட்டுகள் பல அதைத் தாண்டும். இரண்டாம் இடையிசையைக் குறைப்பதுதான் நல்லது, சரணத்தை வெட்டாதீர்கள். ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் வெட்டலாம். தாளத்தின் முதல் அடியில் வெட்டி, இன்னொரு முதல் அடியோடு ஒட்டினால் தெரியாது. வெட்டிய பிறகு அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை கேளுங்கள். கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. பக்கவாத்தியக்காரர் என்றால் பாடகர் தவறினாலும் ஒரு சுற்று கூட வாசித்துச் சமாளிப்பார். ட்ராக்குக்கு அந்தக் கருணை கிடையாது. அதனால் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் எந்த வாத்தியம் கடைசியாக ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் பாட்டு நோட்டில் வரிகள் நீல மையில் இருக்கும். வரிக்கு மேலே சிவப்பு மையில் ‘குழல் இறங்கும், தபேலா ஒரு தட்டு, எடு’ என்று எழுதியிருப்பேன். எண்ணிக்கை பதற்றத்தில் மறந்துபோகும், குழல் மறக்காது.

எந்தப் பாட்டு

எல்லையில் இருக்கிற ஹாலில் பாதி மேசை தமிழ், பாதி மேசை மலையாளம். நம் மண்ணும் அப்படித்தான். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி இங்கிருந்து கொஞ்ச தூரம். பி.லீலா பிறந்தது சித்தூரில். அவருக்கு ஒரு தலைமுறைக்குப் பின்னால் ஸ்வர்ணலதா பிறந்ததும் அதே சித்தூரில். இவர்கள் யாரும் ஒரே மொழியோடு நின்றவர்கள் இல்லை. எங்கள் பைனலில் முதல் சுற்று சொந்த விருப்பம், இரண்டாம் சுற்று சீட்டு. சீட்டில் அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று எழுதியிருக்கும். எடுத்த பதினைந்தாவது நிமிடம் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். நாலு காலத்துக்கும் ஒவ்வொரு பாட்டு, சுருதி பார்த்து, ட்ராக் எடுத்து, முன்பே தயாராக இருந்தால் அந்தப் பதினைந்து நிமிடமும் உங்களுக்கு ஓய்வு. இல்லையென்றால் அந்த நேரம் முழுவதும் போனில் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் அதில் இரண்டு தமிழ், இரண்டு மலையாளம் வைத்துக்கொள்கிறேன்.

மலையாளப் பாட்டு பாடும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ற்ற’ வரும் இடத்தில் நாம் ஒரு ரகர ஒலியைச் சேர்த்துவிடுகிறோம். அவர்கள் நாக்கு நுனியைப் பல்லுக்குச் சற்று மேலே அழுத்தி எடுக்கிறார்கள், ரகரம் வராது. சொல்லின் கடைசி உகரம் பல இடங்களில் நம் குற்றியலுகரத்தைவிடவும் குறுகிப் போகும். அதை இழுத்துப் பாடினால் உடனே தெரிந்துவிடும். அதேபோல மலையாளி நண்பர்கள் தமிழ் பாடும்போது ‘சொல்’, ‘சின்ன’ போன்ற சொற்களின் தொடக்கச் சகரத்தை அழுத்திவிடுகிறார்கள். ழகரம் இரண்டு பேருக்கும் சொந்தம், அதில் தப்பு வந்தால் மன்னிப்பே கிடையாது என்பது என் கருத்து.

திரையில் ஓடுகிற வரிகளை நம்பிப் பாடவே பாடாதீர்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் ‘மனம்’ எது, ‘மணம்’ எது? ‘வலி’யா ‘வழி’யா? பாட்டைக் கையால் எழுதுங்கள், இரண்டு தடவை. பிறகு மனப்பாடம். திரையைப் பார்த்துப் பாடுகிறவரின் கண்ணைச் சபை பார்க்க முடியாது. கண் தெரியாவிட்டால் பாவத்துக்கு எப்படி மார்க் போடுவார்கள்?

கூலர் பக்கத்தில் பழகியது

வீட்டின் அமைதியில் பழகிவிட்டு பாருக்குப் போனால் முதல் நிமிடமே திகைத்துவிடுவீர்கள். கிளாஸ் மோதும், நாற்காலி இழுபடும், “சேட்டா, ஒரு டச்சிங்ஸ்” என்று யாரோ கூப்பிடுவார்கள், ஏசி இரைந்துகொண்டே இருக்கும். சத்தத்தில் பழகத்தான் வேண்டும். எனக்கு சொசைட்டியின் பால் குளிரூட்டும் கூலர் உதவியது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடுகிற மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் 100 ஹெர்ட்ஸில் ரீங்காரம் இடும். அந்த ஒலி ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரைக்கு எட்டாமல் நிற்கிறது. எந்தச் சுருதிக்கும் ஒட்டாத இடம். முதலில் அதன் பக்கத்தில் நின்று பாடியபோது குரல் தானாக அதை நோக்கிச் சாய்ந்தது. ஒரு காதில் தம்புரா ஆப்பை என் சுருதியில் வைத்துக்கொண்டு, இன்னொரு காதைக் கூலருக்குக் கொடுத்து, முதலில் சட்ஜமம் மட்டும், பிறகு சரளி வரிசை, பிறகு பாட்டு என்று மூன்று வாரம் பாடினேன். பிறகு தம்புராவை எடுத்துவிட்டும் நின்றது. உங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரோ பழைய ஃபிரிட்ஜோ இருக்கும், அதுவே போதும்.

ஹாலை முன்பே பார்ப்பதும் பழக்கத்தில் ஒரு பகுதிதான். எங்கள் பக்கத்தில் ஒன்றாம் தேதி பார் மூடியிருக்கும். டிசம்பர் ஒன்றாம் தேதி மானேஜரிடம் போய்க் கேட்டேன். “அரை மணிக்கூர் எடுத்தோ அண்ணா” என்று ஹாலைத் திறந்துவிட்டார். பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எந்த ஸ்பீக்கர் எங்கே, எங்கே நின்றால் என் குரல் எனக்குக் கேட்கிறது, எங்கே நின்றால் மைக் கீச்சிடுகிறது என்றெல்லாம் நடந்து பார்த்தேன். காலி ஹாலில் எதிரொலி அதிகமாக இருக்கும், ஆள் நிறைந்ததும் அது குறையும். அதைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம்.

தொண்டை

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் அடிக்கிற கீழ்க்காற்று பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதடு வெடிக்கும், துணி அரை மணியில் காயும், தொண்டையும் அப்படியே காயும். பைக்கில் போகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பைனல் வாரத்தில் நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். மேடைக்கு முன்னால் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துப் பயனில்லை. குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டு போவதில்லை, உடம்பில் ஊறித்தான் அங்கே போய்ச் சேரும். அதனால் முந்தின நாளிலிருந்தே குடியுங்கள். இரவு படுக்கும் முன் வெறும் நீராவி பிடியுங்கள், மருந்து எதுவும் போடாமல். கமறலை ‘க்கும்’ என்று கனைத்து எடுக்காதீர்கள், எச்சிலை விழுங்கினாலே பாதி போய்விடும். தொண்டையைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குசுகுசுவென்று பேசுவதும் கெடுதல்தான், பேசாமல் இருப்பதே மேல்.

பாரில் நடக்கிற போட்டி என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பாடும் முன் குடிக்காதீர்கள், ஒரு பீர்கூட வேண்டாம். தைரியம் வரும் என்பார்கள். வரும், ஆனால் காது மங்கிவிடும். சுருதி விலகுவது பாடுகிறவருக்கே தெரியாமல் போகும். மூன்றாவது வருடம் என்னைவிட நன்றாகப் பாடக்கூடிய ஒரு நண்பர் இரண்டு பெக் போட்டுவிட்டு ஏறினார். இறங்கி வந்து, “எப்படி இருந்தது? நல்லா வந்ததில்ல?” என்று சந்தோஷமாகக் கேட்டார். பல்லவி முழுவதும் கால் சுரம் கீழே போயிருந்தது. அவரிடம் அன்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, கேரளத்தில் மது அருந்தச் சட்டப்படியான வயது 23. எங்கள் ஹோட்டலில் போட்டியாளருக்கும் அதையே வைத்திருக்கிறார்கள், வயதுக்கான அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

அன்று இரவு

ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். சவுண்ட்காரரிடம் முதலில் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, பென் டிரைவைக் கொடுங்கள். உங்கள் ட்ராக் அவர் கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ட்ராக்கை ப்ளூடூத்தில் அனுப்புவதாகச் சொன்னால் வயர் போடும்படி கேளுங்கள். சில ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் சத்தம் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து வரும், தாளம் போய்விடும். மைக்குக்குப் புது பேட்டரியா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். பார்களில் எக்கோவை அள்ளி வைக்கிற பழக்கம் இருக்கிறது. குரல் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். நான் கேட்பது ஒரே வாக்கியம்தான்: “தம்பி, சொல் தெளிவாகக் கேட்டால் போதும்.” போன வருடம் அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே குமிழைத் திருப்பினார், அடுத்து வந்தவர்களுக்கும் அப்படியே வைத்துவிட்டார்.

பாடகரைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் சின்ன இடங்களில் இருக்காது. அப்படியென்றால் முன் ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில், அதற்கு ஓரடி பின்னால் நில்லுங்கள். முன்னால் போனால் மைக் ஸ்பீக்கரைப் பார்த்து, கீச்சிடும். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தாலும் கீச்சிடும், குரலும் அடைத்துப்போகும். உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். தாழ்வான வரிகளில் உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம், உச்சிக்குப் போகும்போது ஒரு சாண். இதைக் கரண்டியை வைத்துக்கொண்டு வீட்டில் பழகுங்கள், கை தானாக விலக வேண்டும். பகர வரிகளில் மைக்கை நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் காற்று வெடிக்காது.

உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதே வெளியே போய் குரலைச் சூடாக்குங்கள். வாயை மூடி ஹம்மிங், உதடு நடுங்க ‘ப்ர்ர்ர்’ என்று ஏற்றி இறக்குவது, பிறகு உங்கள் சுருதியில் ச-ப-மேல்ச. ஐந்து நிமிடம் போதும். பைனல் பாட்டை அங்கே பாடாதீர்கள். முன்னால் பாடுகிறவரின் சுருதி காதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அவர் கடைசிச் சரணத்துக்குப் போனதும் போனைக் காதில் வைத்து உங்கள் தம்புராவை அரை நிமிடம் கேளுங்கள். எனக்கு இது மந்திரம் மாதிரி வேலை செய்தது.

மேடையில் பேச்சு வேண்டாம். பெயர், ஊர், அவ்வளவு. ட்ராக் தொடங்கியதும் மூச்சை மெதுவாக விட்டுவிட்டு, பிறகு எடுங்கள். பதற்றத்தில் எல்லாரும் மேலும் மேலும் மூச்சை உள்ளே இழுத்துத் திணறுகிறார்கள். இடையிசையில் ‘எல்லாரும் கை தட்டுங்க’ என்று கேட்காதீர்கள், அந்தக் குழலையும் வயலினையும் மக்கள் கேட்கட்டும். நீங்களும் கேளுங்கள். நீங்கள் கேட்பதைப் பார்த்தால் மேசைகளில் பேச்சு அடங்கும், நான் கண்ணால் கண்டது. ஒரு வரி தவறிப்போனால் அதைத் திரும்பப் பிடிக்க ஓடாமல் அடுத்த வரியின் தொடக்கத்தில் நில்லுங்கள். உச்சி வரும் இடத்தில் ஒரு முகத்தைப் பாருங்கள், நடுவர் முகம் வேண்டாம். நான் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு வயதான சேட்டனைப் பார்த்துப் பாடினேன். அவர் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். மூன்று படி இறக்கிய அந்த வரி எந்த நடுக்கமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, திரும்பி வந்தது.

பாடி முடித்ததும் மைக்கைத் தரையில் வைக்காமல் அடுத்தவர் கையில் கொடுங்கள். அவர் பாடும்போது வெளியே போகாமல் உட்கார்ந்து கேளுங்கள். முடிவு எதுவானாலும் நடுவர்களிடம் மார்க் தாளைப் பார்க்கக் கேளுங்கள், எங்கள் ஊரில் மறுக்காமல் காட்டினார்கள். இரண்டாவது வருடம் உச்சரிப்பில் எனக்கு ஏன் குறைந்தது என்று அந்தத் தாளில்தான் தெரிந்தது, மலையாளப் பாட்டின் இரண்டு ‘ற்ற’க்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தார் அந்தப் பெரியவர். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே விசாரித்து வையுங்கள். மறுநாள் மத்தியானம்வரை தொண்டைக்கு ஓய்வு வேண்டும். நான் அன்று காலை சொசைட்டியில் பால் அளவை வாயால் சொல்லாமல் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, யாரும் என்னைப் பேச வைக்கவில்லை.